அரிமா சங்கத்தில் உழைத்தவர்களைப் பாராட்டுவது: யாரை, எப்படி, எந்தக் கணக்கில்?

காலிங்கராயன்கரை கேட்டது:

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்து அரிமா சங்கம் (லயன்ஸ் கிளப்), உறுப்பினர்கள் 42 பேர். ஜூலை 1 முதல் செயலாளர் பொறுப்பு என்னிடம் வருகிறது. பணியேற்பு விழா ஜூலை இரண்டாம் ஞாயிறு. மேடையில் கேடயம் வாங்குவோர் பட்டியல் இங்கே வருடாவருடம் ஒன்றேதான்: நன்கொடை கொடுத்தவர், பதவியிலிருந்து இறங்குபவர், ஏறுபவர், அரிமா மாவட்ட நிர்வாகத்திலிருந்து வந்த விருந்தினர். இந்த முறை வேலை செய்தவர்களை மேடையேற்ற வேண்டும் என்று செயற்குழுவில் முடிவாகிவிட்டது. எப்படி என்பதில்தான் குழப்பம்.

கையில் 19 பெயர்கள் இருக்கின்றன. கண் தானத் தகவல் வந்தால் நள்ளிரவிலும் கிளம்பும் இரண்டு பேர். அதில் ஒருவர் உறுப்பினரே அல்ல, ஆட்டோ ஓட்டுநர். மாதாந்திரக் கண் சிகிச்சை முகாமில் பதிவு மேசை, நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவது என ஆறு பேர். தொடர்ந்து ரத்த தானம் செய்பவர்கள் நான்கு பேர். அரசு மருத்துவமனையில் காலைக் கஞ்சி ஊற்றும் மூன்று பேர். மூவருமே உறுப்பினர்களின் வீட்டுப் பெண்கள். அரிமாவின் இளைஞர் பிரிவான லியோ சங்கத்து மாணவர்கள் நான்கு பேர்.

ஒதுக்கியிருப்பது 30,000 ரூபாய். எல்லாருக்கும் கொடுப்பதா, தேர்ந்தெடுப்பதா? மெல்வின் ஜோன்ஸ் பட்டம் வாங்கிக் கொடுக்கலாமா? ஆட்டோக்காரரைக் கௌரவ உறுப்பினர் ஆக்கலாமா? செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?


பேரேடு எழுதியது:

செயலர் சார், கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சண்டை முதலில் அங்கேதான் வரும்.

சங்கத்துக்கு நிர்வாகக் கணக்கு, சேவைக் கணக்கு என்று இரண்டு இருக்க வேண்டும். பொதுமக்களிடம் திரட்டிய பணம், அதாவது இசை நிகழ்ச்சி டிக்கெட், நினைவு மலர் விளம்பரம், உண்டியல் வசூல் எதுவானாலும், மீண்டும் பொதுப்பணிக்கே போக வேண்டும் என்பது அரிமா இயக்கத்தின் விதி. கேடயம், பொன்னாடை, சாப்பாடு எல்லாம் நிர்வாகச் செலவு. உறுப்பினர் சந்தாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். உங்கள் 30,000 எந்தக் கணக்கில் ஒதுக்கப்பட்டது என்று இன்றே பார்த்துவிடுங்கள். சேவைக் கணக்கு என்றால் தீர்மானத்தை மாற்றி எழுதுங்கள். "கேடயம் நான் உபயம் பண்றேன்" என்று ஒருவர் முன்வருவார். வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கேடயத்தின் அடியில் அவர் பெயர் வரக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் உழைத்தவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் "உபயம்" வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மெல்வின் ஜோன்ஸ் பட்டம் 1973-ல் வந்தது. அரிமா பன்னாட்டு அறக்கட்டளைக்கு 1000 அமெரிக்க டாலர் கொடுத்தால் கிடைக்கும். சங்கமோ தனி ஆளோ இன்னொருவர் பெயரில் பணம் கட்டி அவருக்கு வழங்கலாம். அவர் உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியமில்லை. சட்டையில் குத்தும் பின், பலகை, பாராட்டுக் கடிதம் வரும். உங்கள் 30,000 ஒரு பட்டத்துக்கே பாதிகூட ஆகாது. அதைவிடப் பெரிய சிக்கல், நம் மாவட்டங்களில் பெயருக்குப் பின்னால் எம்ஜேஎஃப் (மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ) என்று பார்த்ததும் "ஆயிரம் டாலர் கொடுத்தவர்" என்றுதான் எல்லாரும் படிக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுநர் பெயருக்குப் பின்னால் அது வந்தால் அவர் செய்த வேலை அதில் தெரியாது.

அப்படியும் கொடுக்க ஆசை இருந்தால் ஒரு வழி உண்டு. இந்த ஆண்டு அறக்கட்டளைக்குப் பணம் கட்டப்போகிற உறுப்பினர், குறிப்பாக ஏற்கெனவே பட்டம் வாங்கியவர், அதைத் தன் பெயரில் கேட்காமல் அந்த ஓட்டுநர் பெயரில் கேட்கலாம். விண்ணப்பத்தில் எழுதும் பெயர்தான் பலகையில் வரும், எழுத்துப் பிழை இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். பலகை கைக்கு வந்த பிறகு விழாத் தேதி குறியுங்கள். வெறும் உறையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது நன்றாக இருக்காது.

கௌரவ உறுப்பினர் என்பது சங்கத்துக்கு வெளியே இருந்து சிறப்பான தொண்டு செய்தவருக்கான வகை. கூட்டத்துக்கு வரலாம், செயல் உறுப்பினருக்குரிய உரிமைகள் கிடையாது. நுழைவுக் கட்டணம், பன்னாட்டுச் சந்தா, மாவட்டச் சந்தா மூன்றையும் சங்கமே கட்ட வேண்டும். உறுப்பினர் எண்ணிக்கையில் 5 சதவீதம்தான் வரம்பு. பின்னம் வந்தால் ஒருவர் கூடுதல் என்பதால் உங்களுக்கு மூன்று பேர் வரை. பன்னாட்டுச் சந்தா ஆண்டுக்கு இரண்டு தவணையாக, ஜூலையிலும் ஜனவரியிலும் வரும். அடுத்த பொருளாளர் "இது யார்?" என்று கேட்டுப் பெயரை அடித்துவிட்டால், கொடுத்த கௌரவத்தைப் பிடுங்கிய மாதிரி ஆகிவிடும். தீர்மானத்தில் எத்தனை ஆண்டுக்கு என்று எழுதி வையுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் ஏன் முழு உறுப்பினர் இல்லை? அரிமா சங்கத்தில் அழைப்பின் பேரில்தான் சேர முடியும். யாரும் அழைக்கவில்லை என்பதுதான் காரணமென்றால், கௌரவப் பட்டத்தைவிட ஓர் அழைப்பும் உள்ளூர்ச் சந்தாவில் விலக்கும் பெரிய மரியாதை. கஞ்சி ஊற்றும் மூன்று பெண்களுக்கும் இதே கேள்வி. 1987-லேயே பெண்களுக்கு உறுப்பினர் கதவு திறந்தாயிற்று. குடும்ப உறுப்பினர் திட்டத்தில் முதல் ஆள் முழுச் சந்தா கட்டினால், அதே வீட்டில் மேலும் நான்கு பேர் வரை பாதிப் பன்னாட்டுச் சந்தாவில் சேரலாம். இன்னும் "திருமதி இன்னார்" என்று கணவர் பெயரில் பொன்னாடை போர்த்திக்கொண்டிருக்க வேண்டாம்.


வருகைப்பதிவு எழுதியது:

பேரேடு சொன்னதெல்லாம் சரி. நான் தேர்வைப் பற்றி மட்டும்.

அரிமா இயக்கத்தின் இணையதளத்தில் நாம் ஏற்றும் சேவை அறிக்கையில் பயனடைந்தவர் எண்ணிக்கை, தொண்டர் எண்ணிக்கை, மொத்த மணி நேரம் என்று சங்கத்தின் கூட்டுக்கணக்குதான் இருக்கும். யார் எத்தனை மணி நேரம் என்பது அதில் வராது. அதனால் தனி நோட்டு வேண்டும். ஐந்து பத்தி போதும்: தேதி, வேலை, பெயர், வந்த நேரமும் போன நேரமும், சரிபார்த்தவர் கையெழுத்து. ஒவ்வொரு திட்டத்துக்கும் எழுத ஒரே ஆள். நிகழ்ச்சி முடிந்து 48 மணி நேரத்துக்குள் வாட்ஸாப் குழுவில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போட வேண்டும். விடுபட்டவர் அங்கேயே கேட்டுவிடுவார். ஆறு மாதம் கழித்து வரும் தகராறு இதிலேயே பாதி குறையும்.

நோட்டு வைத்தவர்கள் அடுத்துச் செய்யும் தப்பு, மணி நேரத்தைக் கூட்டி முதல் மூன்று பேருக்குப் பரிசு கொடுப்பது. கண் தானத்துக்குப் போகிறவருக்கு ஓர் அழைப்புக்கு இரண்டு மணி நேரம்தான் பதிவாகும். வருடத்துக்குப் பத்து அழைப்பு வந்தாலும் இருபது மணி நேரம். முகாமில் துவக்க விழாவுக்கு வந்து குத்துவிளக்கு ஏற்றும்வரை நின்று, மாலையில் வழியனுப்பும் படத்துக்கும் வந்து நிற்பவர், இடையில் வீட்டுக்குப் போயிருந்தாலும், ஆறே முகாமில் அவரைத் தாண்டிவிடுவார். மணி நேரம் ஒரு சாட்சி. அதையே அளவுகோலாக்கினால் கெட்டது.

பெயர் ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். 12 மாதத்தில் எத்தனை மாதம் வந்தார்? மற்றவர் ஒதுங்குகிற வேலை எதையாவது எடுத்துச் செய்தாரா? அவர் வராத நாளில் அந்த வேலை எப்படி நடந்தது? முகாமை எடுத்துக்கொண்டால், ஒதுங்குகிற வேலை எது என்பது எல்லாருக்கும் தெரியும்: அறுவைச் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய பெரியவர்களை மறுபரிசோதனைக்கு வரவைப்பது. பாதிப் பேரிடம் போன் இருக்காது, பக்கத்து வீட்டு எண்தான் இருக்கும். சொட்டு மருந்தைப் பாதியில் விட்டவரைத் தேடிப் போக வேண்டும். பதிவு மேசையில் இருந்த ஆறு பேரில் இதைச் செய்தவர் யார் என்று பாருங்கள். அநேகமாக ஒருவரோ இருவரோதான் தேறுவார்கள்.

குழுவுக்கு ஐந்து பேர் போதும். நடப்புத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் இருக்கக் கூடாது. முன்னாள் தலைவர்களில் இருவர், ஓர் இளைய உறுப்பினர், ஒரு பெண், சங்கத்துக்கு வெளியிலிருந்து ஒருவர். வெளியாளாகத் தலைமையாசிரியரோ மருத்துவமனைச் செவிலியர் கண்காணிப்பாளரோ பொருத்தமாக இருப்பார்கள். தன் வீட்டாரின் பெயர் வரும்போது அந்த ஆள் எழுந்து வெளியே போக வேண்டும். அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுத வேண்டும். பட்டியலை மே 31-க்குள் முடித்துவிடுங்கள். ஜூனில் கணக்கு முடிப்புப் பரபரப்பு வந்துவிடும். தாமதமாக வரும் பெயர் எவ்வளவு நல்ல பெயராக இருந்தாலும் அடுத்த ஆண்டுக்குத்தான்.

19 பேருக்கும் ஒரே மாதிரிக் கேடயம் கொடுத்தால் யாருக்கும் எதுவும் கொடுக்காத மாதிரிதான். நான்கைந்து தனி விருது, மற்றவர்களுக்கு அணியாக ஒரு சான்று. முதலிடம், இரண்டாமிடம் மட்டும் வேண்டாம், இது ஓட்டப்பந்தயம் இல்லை.


காலிங்கராயன்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. நோட்டு இதுவரை யாரும் வைக்கவில்லை, அதுதான் உண்மை நிலை. போன பதினொரு மாதத்தை எப்படிச் சரிபார்ப்பது? இன்னொன்று, முகாமுக்கு இலவசமாக வரும் டாக்டரை விட்டுவிட்டு ஆட்டோக்காரரை மேடையேற்றினால் டாக்டர் மனம் கோணுவார் என்று ஒரு முன்னாள் தலைவர் சொல்கிறார்.


வருகைப்பதிவு எழுதியது:

பின்னோக்கிச் சரிபார்க்க நான்கு இடம் உண்டு. வாட்ஸாப் குழுவில் தேதியோடு கிடக்கும் படங்கள். கண் வங்கி ஒவ்வொரு தானத்துக்கும் குடும்பத்துக்குத் தரும் சான்றிதழும் அவர்கள் பதிவேடும். ரத்த வங்கியின் முகாம் பட்டியல். கஞ்சிக்கு அரிசி, பாசிப்பருப்பு வாங்கிய மளிகைச் சிட்டை. எந்தெந்த நாள் அடுப்பு எரிந்தது என்று அதுவே சொல்லிவிடும். படத்தை மட்டும் நம்பாதீர்கள், படம் எடுத்தவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். ஒரு பெயருக்கு இரண்டு தனித்தனிச் சாட்சி கிடைத்தால் போதும். "வருடம் முழுக்க" என்று எழுதாமல் "குறைந்தது எட்டு மாதம்" என்று நிரூபிக்க முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

டாக்டர் தன் தொழில் திறனைக் கொடுக்கிறார், ஓட்டுநர் தன் தூக்கத்தைக் கொடுக்கிறார். இரண்டையும் ஒரே தராசில் போடுவதால்தான் மனம் கோணுகிறது. டாக்டருக்கான பாராட்டை முகாம் நடக்கும் இடத்திலேயே, அவர் பார்த்த நோயாளிகள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.


சக்கரம்24 எழுதியது:

நான் ரோட்டரிப் பக்கம். அங்கே இதே நோய்க்கு இரண்டு மூன்று மருந்து இருக்கிறது, எது உங்களுக்கு ஒத்துவருமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்டுக்கும் நன்கொடைக்கும் ரோட்டரி தனித்தனிப் பாதை வைத்திருக்கிறது. பால் ஹாரிஸ் ஃபெலோ, 1957-லிருந்து வருவது, 1000 டாலர் நன்கொடைக்கான நன்றி. "சர்வீஸ் அபவ் செல்ஃப்" விருது உலகம் முழுதும் ஆண்டுக்கு அதிகபட்சம் 150 பேருக்கு, தொண்டுக்கு மட்டும். அதில் பணம் கொடுத்த கதையை எழுதிப் பயனில்லை. உறுப்பினர் ஒருவரைச் சங்க அளவில் பாராட்ட, சேவைப் பிரிவுகள் ஐந்திலும் பங்கெடுத்தவருக்கு ஆண்டுக்கு ஒருவர் என்று தனி விருது உண்டு.

இங்கே வாசிக்கும் ரோட்டரி நண்பர்களுக்கு ஒரு விஷயம். அறக்கட்டளையின் ஆண்டு நிதிக்கோ போலியோ நிதிக்கோ ஒரு டாலர் கொடுத்தால் ஒரு புள்ளி சேரும். அந்தப் புள்ளிகளை, குறைந்தது 100 என்ற கணக்கில், படிவத்தில் கையெழுத்துப் போட்டு இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம். 1000 சேர்ந்தால் அவர் பால் ஹாரிஸ் ஃபெலோ. பல சங்கங்களில் பழைய நன்கொடையாளர்களின் புள்ளிகள் யாருக்கும் பயன்படாமல் கிடக்கின்றன. புதிதாக ஒரு ரூபாய் வசூலிக்காமல் வெளித் தொண்டர் ஒருவரைப் பாராட்ட முடியும். ஒருமுறை மாற்றியதைத் திரும்ப வாங்க முடியாது, வாங்கியவர் அதை அடுத்தவருக்கு மாற்றவும் முடியாது. புதிதாகப் பணம் கட்டுகிறவர் தன் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து, தன் பான் எண்ணோடு கட்டட்டும், ரசீது அவர் பெயரில்தான் வரும். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் 80ஜி வருமான வரிச் சலுகை இல்லை. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு எப்படிக் கட்டினாலும் இல்லை. பட்டம் ஒருவருக்கு, ரசீது ஒருவருக்கு என்று பின்னால் குழம்பாமல் இருக்க இரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

தொழிற்சேவை மாதமான ஜனவரியில் தபால்காரர், மின்வாரிய லைன்மேன், மயானப் பணியாளர் என்று ஊர்க்காரர்களைப் பல சங்கங்கள் பாராட்டுகின்றன. நல்ல வழக்கம். ஆனால் அது சம்பளத்துக்குச் செய்யும் வேலையில் காட்டும் நேர்மைக்கானது. தொண்டர் விருதோடு அதைக் கலக்காதீர்கள். ஆசிரியர்களுக்குத் தரும் "நேஷன் பில்டர்" விருதில் மாணவர்களிடமே மதிப்பீட்டுப் படிவம் வாங்குகிறார்கள். அந்த முறையை எடுத்துக்கொள்ளலாம். கஞ்சி ஊற்றுபவர் பற்றி வார்டு செவிலியரிடம் ஐந்து கேள்வி, முகாம் தொண்டர் பற்றி மருத்துவமனை முகாம் ஒருங்கிணைப்பாளரிடம் ஐந்து கேள்வி. உறுப்பினர்களைக் கேட்பதைவிட நேரான பதில் வரும்.


ஓநெகட்டிவ் எழுதியது:

ரத்த தானக்காரர்கள் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். பணமாகவோ பணமாக மாற்றக்கூடியதாகவோ எதுவும் கொடுக்காதீர்கள். வெள்ளிக் காசு, கடைக் கூப்பன் எல்லாம் இதில் சேரும். 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு ரத்தம் வாங்குவது நாடு முழுக்கத் தடை. நல்ல எண்ணத்தில் கொடுத்தாலும் அது அந்தக் கோட்டைத் தொடும். சான்றிதழ், சட்டைப் பின் போதும்.

எண்ணிக்கையை வைத்து ஆணையும் பெண்ணையும் ஒப்பிடாதீர்கள். ஆணுக்குக் குறைந்தபட்ச இடைவெளி மூன்று மாதம், பெண்ணுக்கு நான்கு மாதம். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஐந்து முறை வந்து மூன்று முறை திரும்பியவர் கணக்கில் இரண்டு என்று இருக்கும். அவர் வந்ததை எண்ணுங்கள். ரத்த வங்கி தரும் கொடையாளர் அட்டையில் தேதிகள் இருக்கும், வாய்வார்த்தையாக "ஐம்பது முறை" என்பதை அச்சிட வேண்டாம். நால்வரில் ஒருவர் ஆள் திரட்டுபவராக இருந்தால், அதாவது அவசரத்துக்கு யாருக்குப் போன் போட்டால் வருவார் என்று பட்டியல் வைத்திருப்பவராக இருந்தால், அவரைக் கொடையாளர் கணக்கில் அடைக்காமல் தனியாகப் பாராட்டுங்கள்.

கண் தானத்தில் இன்னும் கவனம் வேண்டும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் தொண்டருடைய வேலை முழுக்க அந்த ஆறு மணி நேரத்துக்குள்தான். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் யாரிடம் பேசுவது என்று கண்டுபிடிப்பது, இமையை மூடி ஈரப் பஞ்சு வைக்கச் சொல்வது, நேர் மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வைக்கச் சொல்வது, கண் வங்கிக் குழு வந்து சேரும்வரை உறவினர் மனம் மாறாமல் பக்கத்தில் இருப்பது. எடுக்கும் வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அதற்கு முன்னால் உள்ளதுதான் நீளம். பாராட்டுரையில் இதை எழுதுங்கள். "தன்னலமற்ற சேவை" என்று எழுதினால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது.

பார்வை கிடைத்தவரை மேடைக்குக் கூட்டிவரலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடாது. கருவிழி யாருக்குப் பொருத்தப்பட்டது என்பதைக் கண் வங்கி வெளியிடாது, நாமும் தேடக் கூடாது. கொடுத்தவரின் குடும்பத்தை அழைக்க விரும்பினால் 16-ஆம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒருவர் நேரில் போய்க் கேளுங்கள். இறந்தவர் படத்தைப் பேனரில் போட எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சிரிப்பும் சாப்பாடுமாக இருக்கும் பணியேற்பு மேடை அவர்களுக்கு ஏற்ற இடமா என்றும் யோசியுங்கள். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண் தான இருவாரம். கண் தானத் தொண்டர் இருவரையும் அப்போது பாராட்டினால் நிகழ்ச்சிக்கும் ஒரு பொருள் இருக்கும். அரிமாக்களுக்கும் கண்ணுக்கும் உறவு 1925-லிருந்து வருவது, ஹெலன் கெல்லர் ஒஹையோ மாநாட்டில் வந்து கேட்டுக்கொண்டதிலிருந்து. அந்த மேடையில் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ரத்த தானத்துக்கு உலக ரத்தக் கொடையாளர் தினமான ஜூன் 14, தேசியத் தன்னார்வ ரத்த தான தினமான அக்டோபர் 1 இரண்டு நாளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஏன் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் திணிக்க வேண்டும்?


பின்வரிசை எழுதியது:

ஒரு குறுக்கீடு. மேடை வேண்டாம் என்பவர்களை என்ன செய்வீர்கள்? 19 பேரில் இரண்டு பேராவது அப்படி இருப்பார்கள். வின்சென்ட் தே பவுல் சபையில், 1833-ல் பாரிஸில் மாணவர்கள் சிலர் தொடங்கியது, கத்தோலிக்கப் பங்குக் கோவில்களில் பார்த்திருப்பீர்கள், இருவர் இருவராக ஏழைகளின் வீடுகளுக்குப் போவார்கள். கூட்டத்தில் உண்டியல் சுற்றும், யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. உதவி பெறுகிற வீட்டின் மானம் காக்கவே அந்த அமைதி. அங்கே தொண்டரை மேடையேற்றினால் அவர் எந்த வீட்டுக்குப் போகிறார் என்பதும் தெருவுக்குத் தெரிந்துவிடும். உங்கள் கஞ்சி வேலையிலும் கொஞ்சம் இது இருக்கிறது. கிண்ணம் நீட்டுபவர் முகம் தெரியும் படத்தை விழாத் திரையில் ஓட்டாதீர்கள்.

முதலில் கேளுங்கள், "உங்களைப் பாராட்டலாமா, எப்படி?" என்று. மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்கு உதவும் பாராட்டு வேறு: கஞ்சிக்குப் பெரிய பாத்திரமும் அதைத் தூக்க ஓர் ஆளும், இரவில் போகிறவருக்குப் பெட்ரோல் செலவு மாதக் கடைசியில் கேட்காமலே கைக்கு வருவது, விபத்துக் காப்பீடு, வருடத்தில் ஒரு மாதம் ஓய்வு கொடுக்க மாற்று ஆள். பெட்ரோல் காசைக் கேட்டு வாங்க வைத்துவிட்டுக் கேடயம் கொடுப்பது எனக்குக் கேலியாகத்தான் படுகிறது.


காலிங்கராயன்கரை எழுதியது:

பெட்ரோல் விஷயம் எங்களுக்கும் பொருந்துகிறது, அடுத்த கூட்டத்திலேயே வைக்கிறேன். கண் தானம், ரத்த தானம் இரண்டையும் அந்தந்த நாளுக்குத் தள்ளிவிடலாம். அப்படியானால் ஜூலை மேடைக்கு முகாம், கஞ்சி, லியோ மாணவர்கள் என 13 பேர். மேடையை எப்படி அமைப்பது? அச்சு வேலைக்கும் யாராவது சொல்லுங்கள்.


நுண்ணெழுத்து எழுதியது:

மேடை நிகழ்ச்சிகளும் அச்சும் இரண்டும் தெரிந்த வேலை என்பதால் சுருக்கமாக.

நம் விழாக்களில் வரவேற்புரையில் மேடையிலுள்ள அத்தனை பேரையும் பட்டத்தோடு விளித்து முடிக்கவே இருபது நிமிடம் போய்விடும். தொண்டர் பாராட்டு கடைசியில் வரும், அப்போது பாதி நாற்காலி சாப்பாட்டுப் பந்திக்குப் போயிருக்கும். பதவிப் பிரமாணம் முடிந்தவுடன், சிறப்பு விருந்தினர் பேச்சுக்கு முன்னால் வையுங்கள். விருந்தினர் பேசாமல் யாரும் எழுந்து போக மாட்டார்கள். தனி விருது ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 90 விநாடி: பாராட்டுரை 40 சொல், நடந்து வர, படம் எடுக்க. அணியாக எட்டுப் பேருக்கு ஐந்து நிமிடம். பதின்மூன்று நிமிடத்தில் முடியும். பாராட்டுரையை ஒருவரே வாசிக்கட்டும், கையில் தாளோடு. "நம்ம ஆளு, எல்லாருக்கும் தெரியும்" என்று வாய்க்கு வந்தபடி தொடங்கினால் நேரமும் போகும், பெயரும் விடுபடும்.

முதல் வரிசையில் அவர்களுக்குப் பெயரெழுதிய நாற்காலி போடுங்கள். ஆளுக்கு இரண்டு குடும்ப அழைப்பு, சாப்பாட்டுச் சீட்டோடு. தினக்கூலியும் ஓட்டுநரும் ஞாயிறு சம்பாத்தியத்தை விட்டுவிட்டு வருகிறார்கள், அதனால் மூன்று மணி நேரம் காக்க வைக்காதீர்கள்.

லியோ மாணவர்களுக்குக் கேடயத்தைவிடக் கடிதம் பயன்படும். சங்க முகவரித் தாளில், தேதி, வேலை, மொத்த மணி நேரம் எழுதி, தலைவர் கையெழுத்து, முத்திரை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுக்கு 240 மணி நேரம் என்று கணக்கிருப்பதால் கல்லூரிகளுக்கு மணி நேரம் எழுதிய கடிதம் பழக்கமானது. அவர்களில் 15 முதல் 35 வயதுக்குள் இருந்து தொடர்ந்து வேலை செய்பவர் யாராவது இருந்தால், சுதந்திர தினத்தில் தரும் முதலமைச்சரின் மாநில இளைஞர் விருதுக்கும் இதே ஆவணங்களைத்தான் அடுக்க வேண்டியிருக்கும், நகல் எடுத்து வையுங்கள்.

இனி அச்சு. கேடயத்தில் ஒட்டும் ஸ்டிக்கர் வேண்டாம், வெயில் படும் சுவரில் இரண்டே ஆண்டில் உரிந்துவிடும். அக்ரிலிக்கில் லேசர் செதுக்கல் அல்லது மரத்தில் உலோகத் தகடு. சான்றிதழ் ஏ4, 300 ஜிஎஸ்எம் தாள். ஐந்து கேடயம், 13 சான்றிதழ், கண்ணாடிச் சட்டம், அழைப்பிதழ் எல்லாம் சேர்த்து 30,000-க்குள் தாராளமாக முடியும். மீதியை அந்தப் பெட்ரோல் கணக்குக்குத் திருப்புங்கள்.

பெயரை ஆதாரிலிருந்து எடுக்காதீர்கள், ஊரில் அழைக்கும் பெயர் வேறாக இருக்கும். முன்னெழுத்து "கே." யா "க." வா என்று அவரிடமே கேளுங்கள். ஆண்டைச் சரிபாருங்கள்: ஜூலையில் கொடுத்தாலும் விருது ஜூன் 30-ல் முடிந்த ஆண்டுக்கானது, புதிய ஆண்டு எண்ணைப் போட்டால் கீழே கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்ற குழப்பம் வரும், முடிந்த ஆண்டின் தலைவரே போட வேண்டும், அதனால் ஜூன் 25-க்குள் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

டிடிபி கடைக்கு வாட்ஸாப்பில் தமிழில் தட்டி அனுப்பினால் அவர்கள் அதைத் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது "கொ", "கௌ", "ஸ்ரீ" மூன்றும் உடையும். "கௌசல்யா" என்பது "கெளசல்யா" ஆகிவிடும், பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. பெயர்ப்பட்டியலைத் தாளில் எழுதியும் கொடுங்கள். மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரியை, பிடிஎஃப் ஆக வாங்கி, ஒவ்வொருவர் பகுதியையும் வெட்டி அவரவருக்கே அனுப்பி "சரி" என்று பதில் வந்த பிறகு அச்சுக்கு விடுங்கள். போன் இல்லாதவர் வீட்டுக்கு ஒரு நடை போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.